எழும்பிப் போக ஒரு கால்

பேரம் பேச வாய் வேண்டும் என்று நினைப்பவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பேரத்துக்கு வேண்டியது கால். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து, "சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்று எழும்பி, திரும்பிப் பாராமல் நாலு எட்டு நடக்கத் தெரிய வேண்டும். விலை அந்த நாலு எட்டுக்குள்தான் கிடக்கிறது.

எருக்கலம்பிட்டி உம்மு ஸல்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாப்பா வழியில் புடைவை வியாபாரம், உம்மா வழியில் பாய் வியாபாரம். வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு வள்ளம் ஏறியபோது வீடும் கடையும் விட்டுப்போயின. நாக்கும் காலும் கூடவே வந்தன. புத்தளத்தில் இருபது வருசம் சீலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தவள். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அவளுடைய புருசன் முஹைதீனின் இரும்பு கடையும் லேத் மெசின் லொறியின் பின்பக்கம் ஏறியது. முன் சீற்றில் அவள் ஏறினாள். புத்தளத்தில் லொறிக்காரனோடு தொடங்கிய கூலிப் பேரத்தை மதவாச்சி தாண்டியபிறகுதான் முடித்தாள். லொறிக்காரன் மன்னாரில் சாமானை இறக்கிவிட்டு, "உங்களோட இன்னொருக்கா வரமாட்டன்" என்று சொல்லிப் போனான். அதை அவள் இன்றைக்கும் ஒரு நற்சான்றிதழ்போலச் சொல்லுவாள்.

திரும்பி வந்த ஊரில் அவளுக்குச் சரிக்குச் சரியாக நின்றது ஒருத்திதான். அவள் ஊர்க்காரியும் அல்ல. தாழ்வுபாட்டிலிருந்து வரும் மீன்காரி றஞ்சிதம்.

றஞ்சிதத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வன்னியில் ஷெல் விழுந்தபோது போனது. அதைப் பற்றி அவள் பேசிக் கேட்டவர்கள் இல்லை. மீனைப் பற்றிப் பேசவே அவளுக்கு நேரம் போதாது. புருசன் கொன்ஸ்ரன்ரைன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து சந்தியில் இறக்கிவிடுவான். அங்கிருந்து பொய்க்காலோடு, தலையில் ஓலைக் கடகத்தோடு, வீடு வீடாக வருவாள்.

"ராத்தா, ஒட்டி மீன். இப்பதான் வலையில இருந்து கழட்டினது. கண்ணப் பாருங்கோ."

"பாத்தன். அது என்னைப் பாக்கேல்ல."

"உங்கட முகத்தப் பாத்தா மீனும் கண்ண மூடும்."

"விலையச் சொல்லு."

றஞ்சிதம் சொல்லுவாள். உம்மு ஸல்மா அதில் பாதியைச் சொல்லுவாள். றஞ்சிதம் மாதாவைக் கூப்பிடுவாள். உம்மு ஸல்மா அல்லாஹ்வைக் கூப்பிடுவாள். இரண்டு பக்கமும் சாட்சி வந்தபிறகு, றஞ்சிதம் மீனைச் சாக்கால் மூடி, கடகத்தைத் தலையில் ஏற்றி, எழும்பிப் போவாள். மணல் ஒழுங்கையில் நல்ல கால் ஒரு சத்தம், றப்பர்க் கால் ஒரு சத்தம். உம்மு ஸல்மா கேற்றைப் பிடித்தபடி நிற்பாள். ஒழுங்கை வளையும் பள்ளிவாசல் முடக்குக்கு முன்னால் றஞ்சிதம் திரும்பிப் பார்த்தால் உம்மு ஸல்மாவுக்கு வெற்றி. அதற்குள் உம்மு ஸல்மாவின் வாய் பொறுக்காமல் "நில்லடி" என்றால் றஞ்சிதத்துக்கு. யார் அதிகம் வென்றது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும்.

மாரி முடிந்த கையோடு அந்த றப்பர்ப் பாதம் குதிக்கால் பக்கம் வெடித்தது. உப்புத் தண்ணீரும் சுடுமணலும் அதைத் தின்றிருந்தன. றஞ்சிதம் கம்பிகட்டிப் பார்த்தாள், ரியூப் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு கக்கத்துத் தடிகளோடு வந்தாள். தலைக் கடகம் நின்றுபோயிற்று. கொன்ஸ்ரன்ரைன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போவான். அவள் உம்மு ஸல்மாவின் கேற்றடியில் ஒரு கதிரையில் இருந்து விற்பாள்.

முதல்நாள் உம்மு ஸல்மா வாய்ப் பழக்கத்தில் பாதி விலையைச் சொல்லிவிட்டு, வழக்கமான சண்டைக்காகக் காத்திருந்தாள். றஞ்சிதம் மதிலில் சாத்தியிருந்த தடிகளைப் பார்த்தாள். ஒழுங்கையின் மணலைப் பார்த்தாள். பிறகு தராசை எடுத்தாள்.

"எடுங்கோ ராத்தா."

மத்தியானம் முஹைதீன் விரலைச் சூப்பிக்கொண்டு, "குழம்பு இண்டைக்குத் திறம்" என்றார்.

"இருக்கும். களவெடுத்த மீன்."

"என்ன சொல்லுறாய்?"

"எழும்பிப் போகேலாதவளிட்ட விலை குறைச்சு வாங்கினா அது களவுதான். உங்களுக்கு விளங்காது, நீங்க சொன்ன விலைக்கு வாங்குற ஆள்."

அடுத்தநாள் அவள் றஞ்சிதம் சொன்ன விலையையே கொடுத்தாள். அது இன்னும் பிழையாகிப்போனது. றஞ்சிதத்தின் முகம் சுருங்கியது. "ஏன் ராத்தா, எனக்கென்ன வருத்தமே, பாவம் பாக்கிறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேற்றடிக்கு வரவேயில்லை. வேறு ஒழுங்கைகளில் விற்றாள். ஊரே அவள் சொன்ன விலையில் பாதிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி மட்டும் உம்மு ஸல்மாவின் காதுக்கு வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்குவதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். சண்டை பிடிக்க ஒருத்திதானே இருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் கொன்ஸ்ரன்ரைன் ஒரு துவாயில் சுற்றிய சாமானோடு பட்டறைக்கு வந்தான்.

பட்டறை என்றால் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில். உள்ளே லேத். பக்கத்தில் உம்மு ஸல்மாவின் அடுப்பு. மணலைக் காய்ச்சிக் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஊரில் பாதிப் பையன்களின் பொக்கற்றுக்குள் அவள் கச்சான்தான் இருக்கும்.

"நானா, நோர்வேயில இருக்கிற தங்கச்சி அனுப்பினவள்" என்று துவாயை விரித்தான் கொன்ஸ்ரன்ரைன். உள்ளே கறுத்த பாதம் ஒன்று, வில்லுப்போல வளைந்து. பாதத்தின் தலையில் பெருவிரலைவிடக் கொஞ்சம் தடித்த முளை ஒன்று, பூட்டாணிகளோடு தனியாகக் கழன்று வந்தது. "கால் செய்து குடுக்கிற இடத்தில காட்டினனாங்கள். பாதம் நல்ல பாதமாம். இந்த முளைதான் றஞ்சிதத்தின்ர கால் பைப்புக்குள்ள போகாதாம். கொஞ்சம் தடிப்பு. இதைக் கடைஞ்சு குறைச்சுக் கொண்டந்தா தாங்கள் பூட்டித் தருவினமாம்."

"பைப்ப அகட்டினா என்ன?"

"பைப் மெல்லிசு நானா. அகட்டினா கடதாசிதான். இந்தச் சைஸில வேற முளை எடுக்கிறதெண்டா எப்ப வருமெண்டு அவைக்கே தெரியாதாம். கவனமாச் செய்யுங்கோ. இது ஒண்டுதான் இருக்கு."

முஹைதீன் முளையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "எவர்சில்வர்" என்றார்.

கச்சான் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்த உம்மு ஸல்மா கையை நீட்டினாள். "இஞ்ச தாங்கோ." உள்ளங்கையில் போட்டு ஏற்றி இறக்கினாள். "சீலையோட சில்வர்ச் சட்டியும் எத்தினை வித்தனான். சில்வர் எண்டா கை சொல்லும். இது சில்வர் இல்ல."

"அப்ப அலுமினியம்."

"அலுமினியமும் இல்ல. அதைவிடப் பாரம். ரெண்டுக்கும் நடுவில நிக்குது."

"நடுவில நிக்கிறது உன்ர சொந்தக்காரர். இரும்பு அப்பிடி நிக்காது" என்று தீர்ப்புச் சொன்னார் முஹைதீன். கொன்ஸ்ரன்ரைன் சிரித்துவிட்டு, கடலுக்கு நேரமாகிறது என்று போனான்.

முஹைதீன் புத்தளத்தில் உழவு மெசினுக்கும் இறால் பண்ணைப் பம்புக்கும் அச்சுக் கடைந்து கடைந்து கை பழகினவர். கெட்டிக்காரர்தான். ஆனால் அன்றைக்கு அவருடைய கையில் பயம் ஏறியிருந்தது. பம்பின் அச்சு பிழையாய்ப் போனால் இன்னொரு அச்சு. இது ஒரு பொம்பிளையின் கால். அலுமினியம் என்று நினைத்து மெசினை வேகமாகச் சுற்றவிட்டார். பயத்தில், வெட்டும் உளியான பிட்டை மயிரளவு மட்டும் உள்ளே விட்டார். அது வெட்டியதா தடவியதா என்று தெரியவில்லை. பல்லைக் கூச வைக்கும் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. நிறுத்தினார். தொட்டுப் பார்த்தார். அளந்தார். குறைந்த மாதிரி இல்லை. இன்னும் ஒரு மயிரளவு. கீச்சு. நிறுத்தினார். தொட்டார். முளை கண்ணாடிபோல மினுங்கியது, ஆனால் குறையவில்லை. பிட்டைப் பார்த்தால் நுனி கருகி மழுங்கியிருந்தது. பிட்டை மாற்றினார். அதுவும் போயிற்று.

"இது என்ன சாமானடா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மூன்றாவது பிட்டைப் பூட்டி வேகத்தை இன்னும் கூட்டினார். பிட்டின் கீழே தட்டில் தலைமயிர்ச் சுருள்போல மெல்லிய சீவல்கள் சேர்ந்திருந்தன. பிட்டின் நுனியிலிருந்து ஒரு பொறி விழுந்தது.

வெளிச்சம் வெள்ளையாக எழும்பியது. வெல்டிங் பிடிக்கும்போது எழும்புமே, அதுபோல. உம்மு ஸல்மா கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். முஹைதீன் மெசினை நிற்பாட்டிவிட்டு மூலையில் இருந்த தண்ணீர் வாளிக்குப் பாய்ந்தார். அவர் வாளியைத் தூக்குவதற்குள் அவள், கையில் வேறு என்ன இருந்தது, சட்டியைத்தான் தூக்கினாள். சுடுமணலும் அரைவறுவல் கச்சானுமாக அப்படியே நெருப்பின் மேல் கொட்டினாள். வெளிச்சம் ஒருதரம் துடித்தது, பிறகு மணலுக்குள் அடங்கியது.

கொட்டிலுக்குள் கச்சான் வாசம் வந்தது.

"ஏனடி மணலப் போட்ட!" முஹைதீன் வாளியோடு நின்று கத்தினார். "லேத்துக்கு மணல் போடுறதும் கண்ணுக்க மணல் போடுறதும் ஒண்டு! தண்ணி இருந்ததே கையில!"

"எனக்குக் கையில சட்டி இருந்தது."

"ஐயோ, என்ர மெசின்!"

"மெசினத் துடைக்கலாம். கொட்டில் எரிஞ்சா எதைத் துடைக்கிறது?"

அவர் தட்டில் கிடந்த ஒரு கச்சானை எடுத்து, ஊதி, வாயில் போட்டார். கோபம் வந்தால் அவர் கை அப்படித்தான், எதையாவது வாயில் போடும்.

அன்று முழுக்க மெசினைத் துடைத்தார்கள். மணல் ஒரு மணி உள்ளே நின்றாலும் வழுக்குத் தண்டவாளத்தைத் தின்றுவிடும் என்பதால், பிட்டைத் தாங்கும் வண்டிலைக் கழற்றி, ஒவ்வொரு ஆணியாக மண்ணெண்ணெய்யில் கழுவி, தேங்காய்த் தும்பால் தேய்த்து, துணியால் ஒற்றி, திரும்பப் பூட்டினார்கள். பூட்டும்போது புத்தளத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பாகங்களை முஹைதீன் இறுக்கினார். "கழட்டினதோட கழட்டினது" என்றார். உம்மு ஸல்மாவின் மருதாணி விரல்கள் கறுப்பு எண்ணெய்யாகின.

எல்லாம் முடிந்தபிறகுதான் இருவரும் முளையைப் பார்த்தார்கள். பிட்டு உரசிய இடத்தில் நீலமும் வைக்கோல் நிறமுமாக ஒரு வளையம். முஹைதீன் அரத்தால் தேய்த்துப் பார்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது.

"இறுகிப்போச்சு" என்றார். "வந்ததை விடக் கல்லாப் போச்சு. இனி இதில ஒண்டும் ஏறாது. நான் அந்தப் பிள்ளையின்ர கால முடிச்சிட்டன்."

உம்மு ஸல்மா வேறொன்றைக் கவனித்திருந்தாள். "இஞ்சேருங்கோ, நெருப்பு வந்து கொஞ்ச நேரத்தில நான் இதைத் தொட்டனான். இளஞ்சூடுதான். பிட்டுதான் வெந்து போச்சு. வெட்டுறவன் வேகுறான், வெட்டு வாங்குறவன் குளிராக் கிடக்கிறான். இது என்ன சாதி இரும்பு?"

"ஆரிட்டக் கேக்கிறது?"

அவள் மகள் ஹிதாயாவைப் பார்த்தாள். ஹிதாயாவின் புருசன் றியாஸ் கத்தாரில் ஒரு பெரிய மெசின் பட்டறையில் வேலை. முஹைதீனுக்கு அந்தப் பார்வை விளங்கியது.

"மருமகனிட்டயா? சீதனம் பேசேக்க உன்னட்டத் தோத்த பெடியனிட்டயா?"

"தோத்தபடியாத்தான் மரியாதையாப் பதில் சொல்லுவான்" என்றாள் உம்மு ஸல்மா.

ஹிதாயா கைபேசியில் முளையைப் படம் பிடித்தாள், கருகிய பிட்டுகளைப் பிடித்தாள், கூட்டி அள்ளிய மணலையும் கச்சானையும் பிடித்தாள், நெருப்பு வந்த கதையையும் சொல்லி அனுப்பினாள். அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. கத்தாரில் லீவு. காலையிலேயே றியாஸ் எடுத்தான். சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் குந்தினார்கள்.

"மாமா, தண்ணி ஊத்தினீங்களே?"

"ஊத்தத்தான் போனனான். உங்கட மாமி மணலக் கொட்டிட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்! தண்ணி பட்டிருந்தா கொட்டிலும் போயிருக்கும், நீங்களும் போயிருப்பீங்க. எரியிற டைட்டானியத்துக்குத் தண்ணி காட்டக் கூடாது மாமா. இஞ்ச மெசினுக்குப் பக்கத்தில வாளியில மணல்தான் வச்சிருக்கிறம்."

உம்மு ஸல்மா புருசனைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. "மருமகன், உங்கட சத்தம் சரியாக் கேக்கேல்ல. மணலப் பற்றி என்ன சொன்னீங்க?" என்றாள்.

றியாஸ் திரும்பச் சொன்னான். முஹைதீன் தாடியைச் சொறிந்தார்.

"அது டைட்டானியமோ?"

"ஓம் மாமா. விமானத்துக்குப் போடுறது, மனுசருக்கும் போடுறது. மற்ற இரும்பு வெட்டேக்க வாற சூட்டைத் தானும் வாங்கும், சீவலும் கொண்டு போகும். இது வாங்காது. முழுச் சூட்டையும் பிட்டின்ர நுனியிலயே விட்டிடும்."

"லாபத்தில பங்கு, நட்டத்தில இல்ல எண்டு நிக்கிற கூட்டாளி" என்றாள் உம்மு ஸல்மா.

"சரியாச் சொன்னீங்க மாமி. அதுக்காக மெதுவாச் சுத்தவேணும். நீங்க நினைக்கிற மெதுவிலும் மெது. ஆனா பிட்டை ஆழமா விடுங்கோ. தொட்டுத் தொட்டு உரசினாத் தோல் இறுகிடும். இப்ப இறுகியிருக்கு. அந்தத் தோலுக்குக் கீழ போய், ஒரே இழுவையில வாங்கோ. நடுவில நிக்கக் கூடாது. நிண்டா நிண்ட இடத்தில திரும்ப இறுகும். வெட்டுற நேரம் முழுக்கச் சோப்பெண்ணெய்த் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கவேணும், ஒரு துளி அறக் கூடாது."

"இப்பதானே தண்ணி காட்டக் கூடாது எண்டீங்க?"

"எரிஞ்சபிறகு காட்டக் கூடாது மாமா. எரியாம இருக்கத்தான் ஊத்துறது."

"ஒரு வழிக்கு வாங்கடா" என்றார் முஹைதீன்.

"இன்னொண்டு மாமா. அது பிட்டைக் கடுமையா எதிர்த்துத் தள்ளும். மெசினில ஆட்டம் இருந்தா வேலை கெட்டிடும். எல்லாத்தையும் இறுக்கிப் போட்டுத் தொடங்குங்கோ."

கைபேசி ஓய்ந்தபிறகு முஹைதீன் லேத்துக்கு முன்னால் போய் இருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், திரும்பவும் வந்து லேத்துக்கு முன்னால் இருந்தார். உம்மு ஸல்மா வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் வந்திருந்தாள்.

"என்னால ஏலாது" என்றார். "பயமான சாமானில ஆழமா வெட்டெண்டுறான். கை வருகுதில்ல. கூட வெட்டுப்பட்டா முளை பைப்புக்குள்ள ஆடும். பிறகு தெருவில எறியவேண்டியதுதான்."

"புத்தளத்தில ஒரு பொம்பிளை வருவா, ஞாபகமா? ஒரு சீலைக்கு அஞ்சு ரூவா குறைப்பியா எண்டு கேப்பா. கொஞ்சம் நிப்பா. பிறகு இன்னொரு அஞ்சு ரூவா குறைப்பியா. திரும்ப நிப்பா. நான் குறைச்சனானா?"

"நீ ஆருக்குக் குறைச்சனீ?"

"பகிடிய விடுங்கோ. அவ ஒவ்வொருக்கா சுரண்டேக்கயும் எனக்குப் பிடிவாதம் ஏறும். முதல் அஞ்சு ரூவாவைச் சிலவேளை குடுத்திருப்பன், கடைசியில ஒண்டும் குடுக்கமாட்டன். வந்தவுடன அரைவாசிக்குக் கேட்டு, கேட்ட இடத்தில அசையாம நிக்கிறவளுக்குத்தான் நான் இறங்கினனான். நீங்க நேத்து அஞ்சு அஞ்சு ரூவாவாக் கேட்டிருக்கிறீங்க."

"இரும்பும் சீலையும் ஒண்டா?"

"இறுகிறது ஒண்டுதான்."

முஹைதீன் வெற்றிலையைத் துப்பினார். பிறகு எழும்பி, புதுப் பிட்டு ஒன்றை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினார். நுனியை நகத்தில் வைத்துப் பார்த்தார். "மெசின் ஆட்டமில்லாம இருக்கவேணுமாம்" என்று சொன்னவர், வண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மணல் கொட்டியிராவிட்டால் அதை யார் கழற்றி இறுக்கியிருப்பார்கள்? அவர் அவள் பக்கம் ஒருதரம் திரும்பினார், அவளுக்கு அது போதும்.

சனிக்கிழமை கொன்ஸ்ரன்ரைன் வந்தான். முகத்தில் முளை முடிந்திருக்கும் என்ற நம்பிக்கை. முஹைதீன் அவனுக்குக் கதிரையைக் காட்டினார், அவன் இருந்தபிறகு நீல வளையத்தைக் காட்டினார்.

"தம்பி, நான் பிழை விட்டுட்டன். இது என்னெண்டு தெரியாமத் தொட்டுட்டன். இப்ப தெரியும். ஒரு வழி இருக்கு. ஆனா சரி வருமெண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

கொன்ஸ்ரன்ரைன் வளையத்தை விரலால் தடவினான். "இப்பிடியே கொண்டுபோனா இதை என்ன செய்யலாம் நானா?"

"கடதாசி பறக்காம மேசையில வைக்கலாம்."

"எங்கட வீட்டில மேசையும் இல்ல. வெட்டுங்கோ." பிறகு, "றஞ்சிதத்துக்கு மட்டும் இப்ப சொல்லாதேங்கோ. கக்கத்துத் தடி ரெண்டு வச்சிருக்கிறா. உங்களுக்கொண்டு எனக்கொண்டு" என்றான்.

தண்ணீர்தான் அடுத்த பிரச்சினை. மெசினோடு பம்பு கிடையாது. போத்தலில் துளை போட்டுச் சொட்ட விடுவதுதான் முஹைதீனின் ஏற்பாடு. சொட்டுக் காணாது. உம்மு ஸல்மா வீட்டுக்குள் போய், தொழுகைக்கு முன் ஒளுச் செய்கிற இரண்டு கெண்டிகளை எடுத்துவந்தாள். மூக்கு வைத்த கெண்டி, சாய்த்தால் ஒரே சீராக விழும். சோப்பெண்ணெய்யைக் கரைத்துப் பால் நிறத்தில் ஒரு வாளி கலக்கினாள்.

"ஒண்டு உங்களுக்கு, ஒண்டு எனக்கு. என்ர முடியிற நேரம் உங்கட தொடங்கவேணும். நடுவில நூல் அறக் கூடாது."

"கோயில்ல தீர்த்தம் பிடிச்சிருக்கிறன், ராத்தா" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "லேத்துக்குப் பிடிக்கேல்ல."

கரண்ட் நிதானமாக நிற்கிற நேரம் பார்த்து முஹைதீன் தொடங்கினார். மெசின் சோம்பேறி மாடுபோல மெல்லச் சுற்றியது. உம்மு ஸல்மா கெண்டியைச் சாய்த்தாள். அவர் பிட்டை அளவுக்குத் திருகி, "பிஸ்மில்லாஹ்" என்று உள்ளே விட்டார்.

கீச்சு வரவில்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல் வந்தது. மெசினின் இரும்புக் கட்டில் அதைத் தாங்கி நடுங்கியது. நிலத்தில் இருந்த வாளியில் தண்ணீர் வட்டம் போட்டது. முளை எதிர்த்துத் தள்ளுவது முஹைதீனின் தோளில் தெரிந்தது. பிறகு பிட்டின் மேல் ஒரு சீவல் எழும்பியது. மயிர்போல அல்ல, தடித்து, அகலமாக, சுருண்டு சுருண்டு, பனையோலை ஈர்க்கு சீவும்போது வருவதுபோல. நீல வளையத்தைத் தோலோடு உரித்துக்கொண்டு வந்தது.

"வருகுது!" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

"ஊத்துங்கோ, பிறகு பாக்கலாம்!"

அவளுடைய கெண்டி முடிகிற இடத்தில் அவனுடையது தொடங்கியது. தண்ணீரின் நூல் அறவில்லை. அவள் குனிந்து நிரப்பிக்கொண்டு நிமிரவும், பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, லுஹர் பாங்கு தொடங்கியது.

இருபது வருசப் பழக்கம். பாங்கு கேட்டால் முஹைதீனின் கை தானாகவே சுவிச்சுக்குப் போகும். அன்றைக்கும் போனது. போகிற கையை உம்மு ஸல்மா கண்டாள்.

"கை!" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது. பிட்டு இன்னும் பாதி வழியில் இருந்தது. நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் இறுகும். "தொழுகைக்கு நேரம் இருக்கு. இதுக்கு இல்ல" என்றாள் அவள். கை திரும்பிப் பிடிக்கு வந்தது. அவள் உதட்டுக்குள் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். கொன்ஸ்ரன்ரைனும் ஏதோ முணுமுணுத்தான். அது 'அருள் நிறை மரியே' செபமாக இருக்கலாம். முஹைதீனுக்கு மூச்சே அந்த நுனியில்தான் இருந்தது. பாங்கின் கடைசிச் சொல் முடிந்து ஒலிபெருக்கி மறுபடி கரகரக்கையில், பிட்டு முளையின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்தது. உறுமல் அடங்கியது.

பிட்டின் நுனி கருகவில்லை.

தொழுதுவிட்டு வந்து இன்னொரு இழுவை எடுத்தார். இந்தமுறை கையில் பயமில்லை. பிறகு றஞ்சிதத்தின் கால் பைப்பின் அளவில் கொன்ஸ்ரன்ரைன் கொண்டுவந்திருந்த பைப் துண்டை எடுத்து, முளையை அதன் வாயில் வைத்து, உள்ளங்கையால் அமத்தினார். கொஞ்சம் முரண்டு பிடித்தது. இன்னொருதரம் அமத்தினார். போய் இருந்தது. இருந்த பிறகு அசைக்க முடியவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் கெண்டியைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டான். முஹைதீன் பைப்பை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார், பிறகு தலையைப் பின்னால் எறிந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஹிதாயா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "உன்ர புருசனுக்குச் சொல்லு" என்றார் அவர், "பரவாயில்ல எண்டு." அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தன. கச்சானும் வந்தது.

"மணல் கடிக்குது ராத்தா" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

"அது டைட்டானியக் கச்சான். ஊரில வேற ஆரிட்டயும் இல்ல."

காலைப் பூட்டி, அளவு பார்த்து, நடந்து பழக ஒரு கிழமைக்கு மேல் போயிற்று என்று கேள்வி. உம்மு ஸல்மா தினமும் காலையில் கேற்றைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பு வேலை பார்த்தாள். யாருக்காகத் திறந்திருக்கிறது என்று முஹைதீன் கேட்கவில்லை. அவருக்கும் மீன் ஆசைதான்.

ஒரு நாள் ஒழுங்கையில் சத்தம் கேட்டது. நல்ல கால் ஒரு சத்தம். மற்றக் காலுக்குச் சத்தமேயில்லை.

றஞ்சிதம் தலையில் கடகத்தோடு வந்து, கேற்றடியில் அதை இறக்கி வைத்துக் குந்தினாள். சீலைக்குக் கீழே கறுத்த பாதத்தின் நுனி தெரிந்தது. உம்மு ஸல்மா அதைப் பார்க்கவில்லை என்று காட்டுவதற்காகக் கடகத்துக்குள் பார்த்தாள்.

"என்ன கொண்டந்த?"

"பாரை. கணவாயும் இருக்கு."

"பாரை நாலு நாள் மீன்போல கிடக்கு."

"நேத்துத்தான் பிறந்தது ராத்தா. ஞானஸ்நானமும் குடுக்கேல்ல."

"விலையச் சொல்லு."

றஞ்சிதம் சொன்னாள். உம்மு ஸல்மா நெஞ்சில் கை வைத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள். பிறகு அன்றைக்குச் சுருங்கிய அந்த முகம் ஞாபகம் வந்தது. பாதிக்கும் கீழே ஒரு விலையைச் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான ஒரு விலையை அவள் எந்த மீனுக்கும் சொன்னதில்லை.

றஞ்சிதத்தின் கண் விரிந்தது. "மாதாவே! அந்த விலைக்கு இதின்ர செதிலும் தரமாட்டன்!"

"அல்லாவே! செதிலுக்கு ஆர் விலை கேட்டது?"

"வாங்கிற முகமா இது? சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்!"

சாக்கால் மீனை மூடினாள். கடகத்தைத் தலையில் ஏற்றினாள். எழும்பினாள். போனாள்.

உம்மு ஸல்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறைக்குள் லேத்தின் சத்தம் நின்றுவிட்டது. முஹைதீன் எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரியும். மணல் ஒழுங்கையில் அந்தக் கறுத்த பாதம் அமிழாமல், வில்லுப்போல வளைந்து, ஆளை முன்னால் எறிந்து எறிந்து போனது. இடுப்பு ஆடவில்லை. கடகம் ஆடவில்லை. பள்ளிவாசல் முடக்கு வந்தது. இப்போது திரும்புவாள்.

திரும்பவில்லை. முடக்கைத் தாண்டினாள். அங்கே வேறொரு வீட்டுக் கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

உம்மு ஸல்மா செருப்பைத் தேடவில்லை. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சுடுமணலில் ஓடினாள்.

"ஏய் றஞ்சிதம்! நில்லடி! நீ சொன்ன விலைதான், நில்லு!"

றஞ்சிதம் நின்றாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை. ஆனால் கடகம் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று உம்மு ஸல்மா கண்டாள்.

"அது அங்க கேற்றடியில சொன்ன விலை ராத்தா" என்றாள் றஞ்சிதம். "இவ்வளவு தூரம் நடந்து வந்திட்டன். இப்ப கூடிப்போச்சு."